இரண்டு விசிலுக்குப் பாயும் கால்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவன் நான். என் ஹாரன் கேட்டால் ஆலப்பாக்கத்து எருமைகள் வரிசை கட்டி ஓரம் ஒதுங்கும். இரண்டொன்று சல்யூட் வைத்ததாகவும் ஞாபகம். அப்பேர்ப்பட்ட எனக்கு மகள் ஜெனிட்டாவின் புதுக் காரை ரிவர்ஸ் எடுத்து நிறுத்த மட்டும் வரவில்லை.

வாங்கிய மாதத்திலேயே பின்பக்கம் இரண்டு கீறல். ஒன்று எங்கள் வீட்டுச் சுவர். இன்னொன்று தேவனாம்பட்டினத்தில் நின்ற மீன் வேன்.

"சென்சார் அவ்ளோ கத்துது, உனக்குக் காது கேக்கலியாப்பா?" என்றாள் ஜெனிட்டா. "மூணாவது கீறல் உழுந்துச்சு, சாவிய வாங்கிடுவேன். அப்புறம் பின்சீட்டுதான்."

பின்சீட்டில் நானா? அதற்கு என்னைப் பண்ருட்டிப் பலாப்பழங்களோடு லாரியில் ஏற்றிவிடலாம்.

காது நன்றாகவே கேட்டது. கோளாறு காலில். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது கண்டக்டர் வேலை. டிரைவரின் கால் விசிலுக்குக் கட்டுப்படும். இந்த சென்சாரோ 'பீப் பீப்' என்கிறது. கால் உடனே ஆக்சிலேட்டருக்குப் போகிறது. சுவர் நெருங்க நெருங்க 'பீப்பீப் பீப்பீப்' என்று அவசரப்படும். கண்டக்டருக்குக் கோபம் என்று நினைத்துக் கால் இன்னும் மிதிக்கும். முட்டுகிற நேரத்தில் அது நீளமாகவும் கத்தும்தான். அதற்குள் கால் வேலையை முடித்திருக்கும்.

இதை மகளிடம் சொல்ல முடியுமா? அன்றைக்கே சாவி போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ராஜாமணியின் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். ராஜாமணி என் பஸ்ஸில் பதினெட்டு வருடம் கண்டக்டர். அவன் பின்சீட்டில், ஜெனிட்டா என் பக்கத்தில். தெற்கு வீதியில் மண்டபத்துக்கு எதிரே ஒரே ஒரு இடைவெளி. முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு வெள்ளைக் கார்.

"மச்சான், பாத்து," என்றான் ராஜாமணி. "பின்னால நிக்கிறது மாப்ள வூட்டுக் கார். அவுங்களுக்குக் கோவம் ஜாஸ்தி."

எனக்கு வழிந்த வேர்வையில் வீராணம் ஏரி ஒரு முழம் ஏறியிருக்கும். ஜீப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, ஸ்டியரிங்கை முழுசாக இடது பக்கம் ஒடித்து, ரிவர்ஸ் போட்டேன்.

பீப்... பீப்.

பிரேக் மேல் இருந்த காலை, 'அங்கேயே இரு ராசா' என்று கெஞ்சினேன். ஜெனிட்டா என்னையே பார்த்தாள். தெருவில் காத்திருந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். பீப்பீப் பீப்பீப். கால் நழுவியது. கார் பாய்ந்தது.

பின்சீட்டிலிருந்து நீளமாக ஒரே விசில்! ராஜாமணி வாயில் இரண்டு விரல்.

எனக்குக் கேட்பதற்கு முன்பே காலுக்குக் கேட்டுவிட்டது. கார் ஆணி அடித்த மாதிரி நின்றது. இறங்கிப் பார்த்தோம். இரண்டு காருக்கும் நடுவே ஒரு முறுக்கு நுழைய இடம். முழு முறுக்கு அல்ல, பாதி.

"சென்சாருக்கு நிக்காத நீ, அங்கிள் விசிலுக்கு மட்டும் எப்பிடிப்பா நின்ன?"

நான் ஜீப்பின் டயரைப் பார்த்தேன். ராஜாமணி முந்திக்கொண்டான். "ரெண்டு விசிலுக்கு ஓடும், ஒத்த விசிலுக்கு நிக்கும், அதாம்மா அவன் காலு. மிஷினுக்கு இது எங்க தெரியும்?"

ஜெனிட்டா கையை நீட்டினாள். சாவியை வைத்தேன். என் கை இரண்டு கிலோ குறைந்தது. அவள் குனிந்து பம்பரைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவள் நிமிர ஒரு வருடம் ஆனது.

"மூணாவது கீறல் இல்ல. சொன்ன சொல்லு சொல்லுதான்," என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். "ஆனா அங்கிள் பின்சீட்டுல இல்லாம ரிவர்ஸ் போடக் கூடாது."

"நா வர்றேம்மா," என்றான் ராஜாமணி. "போற எடத்துல கறிச்சோறு மட்டும் வாங்கிக் குடுக்கச் சொல்லு."

நேற்று கடலூரிலேயே இருக்கும் மருந்துக் கடைக்குக் கிளம்பினேன். ராஜாமணி ஊரில் இல்லை. மகள் சொல்லை மீறுவேனா? ரிவர்ஸ் போடாமல் நிறுத்த ஓர் இடம் கிடைக்கும்வரை நேராகவே போனேன். சிதம்பரம் வந்துவிட்டது.