பொட்டு ஆடுகளுக்கு ஊசி

வேம்பார் உப்பளங்களுக்கு மேற்கே, சந்தனச்செல்வி அக்காவின் பட்டியில் நாற்பது ஆடுகள். போன ஐப்பசி மழையில் ஒன்பது ஆடுகளுக்குக் குளம்பு அழுகியது. நிற்க முடியாமல் முன்னங்கால்களை மடக்கி, முட்டி போட்டு மேய்ந்தன. இரண்டு செத்தும் போயின.

இந்த வருடம் மழைக்கு முன்பே தடுப்பூசி போட, கால்நடை மருத்துவர் என்னிடம் மருந்து கொடுத்து அனுப்பினார். சரியாக நாற்பது ஊசிக்கு. "வேற கிடையாது, ஜெப்ஸி" என்றார். நான் நுண்ணுயிரியல் படித்தவள். அவரிடம் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

அக்கா ஆட்டைப் பிடித்தாள். நான் கழுத்துத் தோலை இழுத்து ஊசி போட்டேன். அடையாளத்துக்கு முதுகில் நீல மை வைக்கப் போனேன்.

"ஏளா, நீலம் வைக்காத! அது செந்தூர்வேல் அண்ணாச்சி ஆட்டுக்கு வைக்கது. நாளைக்கே தன் ஆடுன்னு ஓட்டிட்டுப் போயிருவாரு."

பையில் சிவப்பு மையும் இருந்தது. அதில் பொட்டு வைத்தேன்.

இருபத்து மூன்று முடிந்தபோது சாலையில் ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. ஆடுகள் மிரண்டு, ஊசி போட்டவற்றைப் பிரித்து வைக்க நடுவே கட்டியிருந்த வலையைச் சாய்த்து, ஒன்றாகக் கலந்துவிட்டன.

பிரிக்கப் போனபோதுதான் கவனித்தேன். எல்லாமே வேம்பூர் ஆடுகள். வெள்ளை உடம்பில் பிறவியிலேயே செம்பொட்டுகள். என் மை காய்ந்து அதே நிறத்தில் இருந்தது.

அக்கா தலையில் கை வைத்தாள். "படிச்ச பிள்ளை! பொட்டு ஆட்டுக்கே பொட்டு வச்சிருக்கியே."

"நீங்களும் பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?"

"நான் ஆட்டைப் பிடிப்பேனா, ஒம் பொட்டைப் பாப்பேனா?"

ஒன்றுக்கு இரண்டு தரம் போட்டால், இன்னொன்று ஊசியில்லாமல் மழையில் நிற்கும்.

அப்போது ஓர் ஆடு வந்து என் துப்பட்டாவைக் கடித்து இழுத்தது. அதன் பக்கத்தில் நின்ற இன்னொன்று என்னைப் பார்த்ததும் பின்வாங்கி ஓடியது. ஏன் ஓடுகிறது? ஊசியைச் சந்தித்த ஆடு அது.

"அக்கா, அகத்திக்கீரை இருக்கா?"

ஒரு கட்டு வந்தது. பட்டியின் நடுவில் உட்கார்ந்து நீட்டினேன். ஒரு கூட்டம் மூலையில் ஒண்டிக்கொண்டது. மற்றவை முண்டியடித்து வந்தன. வந்த ஒவ்வொன்றுக்கும் ஊசி போட்டு, உடனே பட்டிக்கு வெளியே விட்டோம்.

பதினாறு. பிறகு ஒன்றும் வரவில்லை. மருந்து இன்னும் ஓர் ஊசிக்கு மீதி இருந்தது.

"இன்னொண்ணு எங்கக்கா?"

அக்கா சிரித்துக்கொண்டே கை காட்டினாள். திரும்பினேன். எனக்குப் பின்னால் ஒரு குட்டி, என் பைக்குள் தலையை விட்டுப் பதிவேட்டின் அட்டையைத் தின்றுகொண்டிருந்தது.

ஊசி போட்டேன். மருந்துப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. நானும் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"ஒண்ணரை மாசத்துல ரெண்டாவது ஊசி இருக்கு, அக்கா."

"அப்ப வேற யாரையாவது கூட்டிட்டு வா. ஒன்னயக் கண்டா நாப்பதும் கீழவைப்பாருக்கு ஓடிரும்!"