சரோஜாவைத் தெரியாத கதவு

கூடுவாஞ்சேரியில் திருவேங்கடம் வீட்டு ஹால் சுவரில் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகும் கதவு முளைத்த வாரம், தக்காளி கிலோ நாற்பது ரூபாய். படூரில் ஒரு ஐ.டி. கம்பெனிக்கு வேன் ஓட்டும் அவன், ஆட்களை இறக்கிவிட்டு மாலைவரை காத்துக்கிடக்கும் நேரத்தில், இணையதளம் கட்டும் ஃப்ரேம்வொர்க் ஒன்றை வீடியோ பார்த்துக் கற்றான். இன்ன முகவரி கேட்டு வந்தால் இன்ன பக்கத்தைக் காட்டு என்று ஒரு வரி எழுத வேண்டும், அதுதான் பாலபாடம். மற்றவர்களுக்குத் திரையில் திறப்பது அவனுக்குச் சுவரில் திறந்தது. பக்கத்து வீட்டு ராஜம் மாமி அதன் வழியே போய் அலையில் கால் நனைத்துவிட்டு காபி நேரத்துக்குத் திரும்பினாள். மாமல்லபுரத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் ஜோதிலட்சுமி, பஸ் காசு மிச்சம் என்று கூடையோடு ஹாலுக்குள் வந்து போனாள்.

ஊரே வந்தாலும் அவனுக்கு வேண்டியவள் ஒருத்திதான். அவன் மனைவி சரோஜா, இந்தக் கதவு முளைப்பதற்கு முன்பே, "செவுத்தோட எவ்ளோ நாளு குடும்பம் நடத்துறது?" என்று கேட்டுவிட்டு மாமல்லபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போய், அங்கேயே ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவனுக்குப் பேச வராது. போனை எடுத்தால் 'வா' என்ற சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் அக்கா வீட்டுப் பின்வாசலிலிருந்து தன் சமையலறைக்கு ஒரு கதவு செய்தான். அன்றைய பாடம் லாகின்: வருபவரின் பெயர் கேட்டு, பதிவில் உள்ளவரை மட்டும் விட வேண்டும். மீன்கூடை இந்த வழியும் வரக்கூடாதென்று அந்தப் பூட்டையும் போட்டான். தன் பெயரைச் சொல்லிப் பார்த்தான், திறந்தது. அன்று முதல் இரண்டு தட்டு வைத்துக் காத்திருந்தான். ஆடி வந்தது, தை வந்தது, மறுபடி ஆடியும் வந்தது. எதிர்த் தட்டைத் தினமும் துடைத்து எடுத்து வைத்தான். அவளுக்கு வர இஷ்டமில்லை என்று முடிவு செய்துகொண்டான்.

ஒருநாள் சங்கரா மீனை எடை போட்டபடி ஜோதிலட்சுமி சொன்னாள்: "நேத்து அவங்க அக்கா வூட்டாண்ட மீன் குடுக்கப் போனேன். உன் வூட்டுக்காரி தெனம் அந்தக் கதவாண்ட வந்து நின்னுகினு கீது, அண்ணாத்த. பேரு கேக்குதாம். சரோஜான்னா, அப்படி யாரும் இல்லேங்குதாம். கடல் பக்கத்துக் கதவால வாயேன்னேன். 'ஊரு போற வழில நான் ஏன் போவணும், எனக்குன்னு வெச்ச கதவே என்னைத் தெரியாதுங்குது'ன்னு அழுவுது. இன்னா கதவு அது?"

பதிவைத் திறந்து பார்த்தான். அதில் இருந்தது ஒரே பெயர், அவனுடையது. தன் பெயரிலேயே திறந்து பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, அவளைச் சேர்க்கவேயில்லை என்பது அதுவரை உறைக்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே இரண்டும் அவனேதான். அவள் பெயரைச் சேர்க்கவில்லை, பூட்டையே அழித்தான்.

மறுநாள் மாலை சரோஜா காலில் மணலோடு சமையலறையில் நின்றாள். "இப்போ நான் யாருன்னு தெரியுதா?" என்றாள். அவன் "வா" என்றான்.

இப்போது அவள் அந்தக் கதவு வழியேதான் ஹோட்டல் வேலைக்குப் போய் வருகிறாள். கரண்ட் போனால் கதவு சுவராகிவிடுகிறது என்று இன்வெர்ட்டர் வாங்கியிருக்கிறார்கள். அதன் பேட்டரிக்கு மறக்காமல் தண்ணீர் ஊற்றுவது சரோஜா.