பேனா வட்டம்

சட்டைக்கு அளவெடுக்கும்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். அப்பாவின் வலது முழங்கைக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவில், ஓரம் பிசிறடித்த ஒரு கறுப்புத் திட்டு. ஆயுசில் பாதியைப் பஸ் ஓட்டியே கழித்தவர். அந்தக் கை எப்போதும் ஜன்னலுக்கு வெளியேதான் கிடக்கும். வெயில் முழுவதையும் அதுதான் வாங்கியது. எப்போது வந்தது என்று கேட்டதற்கு, அது பாட்டுக்கு இருக்கிறது, நீ அளவை எடு என்றார். அவருக்கு உடம்பும் பஸ் மாதிரிதான். நடுவழியில் நின்றால்தான் பட்டறைக்கு விடுவார்.

நேரே டாக்டரிடம் போயிருக்கலாம். ஆனால் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டு அப்பாவும் மகளும் மட்டும் திரும்பி வந்த வீடு அது. அவளுக்குப் பயம். பயந்தவர்களுக்கு எப்போதும் கொஞ்சம் தவணை வேண்டும். தையல்காரியாயிற்றே, குறி போடாமல் அவளால் எதையும் நம்ப முடியாது. நீலப் பேனாவை எடுத்து, திட்டைச் சுற்றி ஒரு நூல் இடைவெளி விட்டு வட்டம் போட்டாள்.

“இந்த வட்டத்தைத் தாண்டுச்சுன்னா டாக்டர்கிட்ட போறோம். அதுவரைக்கும் இங்க சோப்பு போடாதீங்க. அழிஞ்சா எனக்குக் கெட்ட கோபம் வரும்.”

பெரிய பெரிய வண்டிகளுக்கே வழி விடாத மனிதர், நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

மாதம் முடியவில்லை. ஒருநாள் காலையில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கையில், திட்டு ஒரு பக்கம் கோட்டின் மேல் ஏறி வெளியே எட்டிப் பார்ப்பதைக் கண்டாள். கடையைக்கூடத் திறக்காமல் அவரை இழுத்துக்கொண்டு ஓடினாள். டாக்டரம்மா கண்ணாடி வைத்துப் பார்த்தார், மருந்து தொட்டுத் துடைத்தார், துளியூண்டு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார், சின்னதாக ஒரு கட்டுப் போட்டு அடுத்த வாரம் வரச் சொன்னார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

அந்த வாரம் அவள் தைத்ததெல்லாம் தையலா? ஒரே சட்டைக்கு இரண்டு இடது கைகளை வைத்துத் தைத்தாள். சட்டைக்காரர் நல்ல மனிதர்; போட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டு, மெதுவாகப் பிரித்துத் தைத்தால் போதும் என்று சொல்லிப் போனார். பிரிக்கும்போது கண்ணீர் துணியில் விழுந்தது. உள்ளே அப்பா சீட்டியடித்துக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தார். அந்தச் சீட்டியைக் கேட்கக் கேட்க அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்தச் சத்தம் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுபடி போன அன்று டாக்டரம்மா உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டார். “பயப்பட ஒண்ணுமில்ல. புற்று கிடையாது. வயசானா தோல்ல வர்ற தடிப்புதான்.”

இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவரும் பொறுமையாகச் சொன்னார். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தபோதுதான், தன் முதுகு இத்தனை நாளாக விறைத்துக் கிடந்தது அவளுக்குத் தெரிந்தது.

கட்டைப் பிரிக்கக் கையைத் திருப்பிய டாக்டரம்மா நிறுத்தினார். “இந்த வட்டம்? போன தடவையே நான் துடைச்சிட்டேனே.”

“நான்தான்…” என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். கட்டைச் சுற்றிப் புத்தம்புது நீல வட்டம். ஒரு பக்கம் சப்பை, ஆரம்பித்த இடமும் முடித்த இடமும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. இப்படி ஒரு கோட்டை அவள் துணி மேல் போட்டால் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

“மொத நாளே குளிக்கிறப்ப அழிஞ்சு போச்சும்மா. நீ கோவிச்சுக்குவேன்னு அன்னையிலேருந்து தினமும் குளிச்சதும் நானே போட்டுக்கிட்டேன். இடது கைக்கு அவ்வளவுதான் வந்துச்சு.”

ஆக, திட்டு இருந்த இடத்திலேயேதான் இருந்திருக்கிறது. ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் வட்டம்தான் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. கோணல் கோட்டைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கிற கண், பயத்தில் திட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. டாக்டரம்மா குனிந்து மேசை இழுப்பறையில் எதையோ தேடினார். தோள் மட்டும் குலுங்கியது. திட்டுவதற்காகத்தான் அவள் வாயைத் திறந்தாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். வெயிலில் போனால் கையை மூடிக்கொள்ளுங்கள், திட்டு மாறினால் உடனே வாருங்கள், வட்டமெல்லாம் வேண்டாம் என்று சொல்லி டாக்டரம்மா அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும், அரைக்கைக்கு எடுத்து வைத்திருந்த அப்பாவின் துணியை மேசையில் விரித்தாள். முழுக்கைக்கும் துணி போதும். குளியலறையில் சீட்டி நின்றது.

“இப்ப சோப்பு போடலாமாம்மா?”

“காயத்த விட்டுட்டு, சுத்தி நல்லா தேச்சுக் குளிங்கப்பா.”

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு சீட்டி, விட்ட இடத்திலிருந்து. அவள் சாக்குக்கட்டியை எடுத்து, கையின் நீளத்தை மணிக்கட்டு வரைக்கும் இழுத்தாள். கோடு கொஞ்சம் கோணியது. அழிக்காமல் அதன் மேலேயே கத்தரியை வைத்தாள்.