மருந்தில்லாத குழாய்

1

இந்தக் கதை என் சளியிலிருந்து பிறந்தது. முகம் சுளிக்காதீர்கள், பிறந்த இடத்தை ஒளிக்கிற பழக்கம் எனக்கில்லை. இரண்டு மாதம் காசநோய் மாத்திரை விழுங்கியும் சளியில் கிருமி தெரிந்தது. "இது நம்ம மருந்துக்கு அடங்குதான்னு பார்த்துடுவோம்" என்று டாக்டர் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டார். அடங்கினால் இதே மருந்து, இன்னும் சில மாதம். அடங்காவிட்டால் வேறு மருந்து, முதலிலிருந்து. அதுவரை நான் இந்த அறையில். மனைவியும் ஐந்து வயது மகளும் கதவுக்கு அந்தப் பக்கம்.

முதல் தொடக்கம்: "நுண்ணோக்கியின் கீழே மரணம் நெளிந்துகொண்டு…" (அடித்துவிட்டேன். அந்தக் கிருமி நெளியாதாம்.)

2

நெளியாது என்று சொன்னவர் அண்ணி. அந்த ஆய்வகத்தில்தான் அவருக்கு வேலை. என் சளியைச் சோதிக்கிற கண்ணாடிக் குழாய்கள் எவை என்று அவருக்கே தெரியாது. "வர்றதெல்லாம் வெறும் நம்பர்தான் தம்பி. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன், நோண்டாதீங்க."

வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் மணிக்கணக்காகப் பேசுவார். முட்டையோடு பச்சைச் சாயம்* கலந்து, சூட்டில் சாய்வாக உறையவைத்த குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. அதில் கிருமியை இட்டு, உடம்புச் சூட்டில் வைத்து, ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். கிருமி முளைத்தால் அந்த மருந்துக்கு அது அடங்கவில்லை என்று அர்த்தம். ஆறு வாரம் ஒன்றுமே நடக்காத கதையை எவன் படிப்பான்? (நீங்கள் படிக்கிறீர்கள். நன்றி.)

*அண்ணியின் திருத்தம்: "சாயம் அழகுக்கு இல்ல, வேற கிருமி வந்து ஒட்டாம இருக்க."

அவரைக் கதையில் சிடுசிடுப்பான ஆளாக எழுதப் பார்த்தேன். முடியவில்லை, எந்த வரியிலும் சிரித்துவிடுகிறார்.

3

ஆசை யாரை விட்டது? முடிவை முன்னாலேயே எழுதிவிட்டேன்: "நாற்பத்திரண்டாம் நாள். ஒரு குழாயிலும் ஒன்றும் முளைக்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்."

அண்ணி முகமூடியோடு ஜன்னலுக்கு வெளியே நின்று படித்தார். "ஐயோ தம்பி, காரியத்தையே கெடுத்தீங்களே!"

"ஏன், நல்ல முடிவுதானே அண்ணி?"

"மருந்தே போடாத குழாய் ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு இருக்குமில்ல? அதுல நல்லா முளைக்கணும். அதுலயும் முளைக்கலன்னா கிருமி முன்னாடியே செத்திருக்கும், இல்ல நாங்க சொதப்பியிருப்போம். அப்புறம் மத்த குழாய் காலியா இருந்து என்ன பிரயோஜனம்? மறுபடி முதல்லேர்ந்துதான்."

என் நுரையீரலைத் தின்றவன் ஒரு குழாயிலாவது செழிப்பாக இருக்கட்டும் என்று அன்று மனதார வேண்டிக்கொண்டேன். எனக்கே சிரிப்பு வந்தது.

4

நாளை நாற்பத்திரண்டாம் நாள். இன்று அண்ணி போகிறபோக்கில், "இந்தத் தடவை மருந்தில்லாத குழாய் எல்லாமே நல்லா வந்திருக்கு, ஒண்ணுகூட வீணாகல" என்றார். மருந்துக் குழாய்களைப் பற்றி நான் கேட்பதற்குள் நடையைக் கட்டிவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

முடிவு அ: மருந்துக் குழாய்கள் சுத்தம். அதே மாத்திரை. சில வாரத்தில் கதவு திறக்கிறது.

முடிவு ஆ: ஒன்றில் முளைத்திருக்கிறது. போகட்டும், எந்த மருந்து வேண்டாம் என்றாவது தெரிந்துவிட்டது. வேறு மருந்து. கதவு கொஞ்சம் மெதுவாக…

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், இத்தனை நாளில் இன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் மகள் கத்துகிறாள்: "அப்பா, எந்தக் கிழமை வெளிய வருவே? காலண்டர்ல வட்டம் போடணும், சீக்கிரம் சொல்லு!"

நான் சொன்னால் பொய்யாகிவிடலாம். நீங்கள் சொல்லுங்கள். கிட்டத்திலேயே ஒரு நாளாகப் பாருங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். அவள் பென்சிலைச் சீவிவிட்டு நிற்கிறாள்.