எதிர்ப்பக்கத்துக் கம்பி

பதினோரு வருடமாகப் பேராசிரியையின் பெயரைத் தாங்கி நின்றது ஒரே ஒரு கட்டுரை. தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி ஹைட்ரஜனைப் பிரிப்பதற்குப் பிளாட்டினம்தான் கைகண்ட உலோகம். விலையைக் கேட்டால் தலை சுற்றும். அது வேண்டியதே இல்லை, தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெலிந்த நிக்கல் சேர்மத் தூள் போதும் என்றது அந்தக் கட்டுரை. நாலாயிரம் பேர் அதை மேற்கோள் காட்டிவிட்டார்கள். எத்தனை பேர் முழுக்கப் படித்தார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது, வம்பு.

மூன்று வாரத்துக்கு முன் ஆய்வகத்தில் ஒரு கம்பி முறிந்தது. அமிலக் கரைசல் ஊற்றிய சோதனைக் கலத்தில் ஒரு முனையில் தூள் இருக்கும்; எதிர்ப்பக்கத்தில் மின்சுற்றை முடித்துவைக்க ஒரு கம்பி. அது பிளாட்டினமாக இருப்பது அங்கே தொன்றுதொட்ட பழக்கம், யாரும் யோசித்துச் செய்ததல்ல. புதுக் கம்பி வர நாளாகும் என்று பென்சில் கரி போன்ற கிராஃபைட் தண்டு ஒன்றை மாட்டினார் பேராசிரியை. தூள் சும்மா கிடந்தது. பேருக்கு ஒரு குமிழிகூட வரவில்லை.

நாலு முறை திரும்பச் செய்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எதிர்ப்பக்கத்துக் கம்பி அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, இந்தப் பக்கம் வந்து தூளின்மேல் படிந்திருக்கிறது. பிளாட்டினம் வேண்டாம் என்று நிரூபித்த வேலையைப் பிளாட்டினமே செய்து கொடுத்திருக்கிறது. இதற்கு இரண்டு விருது வேறு.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அன்றே எழுதினார். அனுப்பத்தான் கை வரவில்லை. தேர்வுத் தாள் திருத்தணும், பல்வலி என்று தினம் ஒரு சாக்கு. பாதி அலுப்பு, பாதி பயம்.

"என்ன, இஞ்சி தின்ன மாதிரி மூஞ்சிய வெச்சிருக்க?" என்று இன்று காலையில் கணவர் கேட்க, எல்லாவற்றையும் கொட்டினார்.

"இன்னும் நாலு வருஷம்தான உனக்கு? கமுக்கமா இருந்துட்டு ரிட்டயர் ஆயிடு."

"கமுக்கமா இருக்கறதுக்கும் தெம்பு வேணுமேங்க."

மதியம் தன் முதல் மாணவிக்குப் போன் செய்தார். அந்தச் சோதனைகளைக் கையால் செய்தவள் அவள்தான். கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது. அதை வைத்துக்கொண்டு இத்தனை வருடமாகத் தற்காலிக வேலை ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தாள்.

"மேடம்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ முடிஞ்சுது. நிரந்தர வேலைக்கு! முடிவுதான் இன்னும் வரல."

பேராசிரியை கண்ணை மூடிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"கிராஃபைட் வெச்சுப் பாத்தீங்களா?"

"நாலு தடவ."

"அமிலத்துல?"

"அமிலத்துலதாம்மா."

"இன்டர்வியூல ஒருத்தர் இதையேதான் கேட்டார் மேடம். எதிர்ப்பக்கம் என்ன கம்பின்னு. பிளாட்டினம்தான், ஆனா அதனால ஒண்ணும் வராது, எங்க மேடம் சோதிக்காம விட்டிருக்க மாட்டாங்கன்னு சொன்னேன். அவர் லேசா சிரிச்சார்." பிறகு கேட்டாள், "உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

நேற்று என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆய்வகக் குறிப்பேடு தன் மேசைக்குள்தான் இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள்?

"மூணு வாரம் ஆச்சு."

"அப்ப செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடியே..."

"ஆமாம்மா."

மாணவி போனை வைத்துவிட்டாள். பேராசிரியைக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன் நடந்தது தவறு, யாருக்கும் நடக்கும். இந்த மூன்று வாரம் அப்படியில்லை.

கடிதத்தைத் திறந்து, கண்டுபிடித்த தேதியைச் சேர்த்தார். என் மாணவிக்கு இது தெரியாது, நான் அவளிடம் மறைத்தேன் என்று ஒரு வரி எழுதினார். கட்டுரை வந்த ஆய்விதழுக்கு அனுப்பி, நேர்காணல் குழுவுக்கும் அவளுக்கும் பிரதி வைத்தார்.

ஒரு மணி நேரத்தில் மாணவியிடமிருந்து செய்தி வந்தது. "கரைசலின் செறிவு, கம்பியின் நீளம், மின்னழுத்தம் எல்லாம் அனுப்புங்கள். இங்கே நானே செய்து பார்க்க வேண்டும். நீங்கள் சொன்னதை நம்பியது போதும்."

பேராசிரியை அதை இரண்டு முறை படித்தார். 'மேடம்' என்று தொடங்காமல் அவள் எழுதிய முதல் செய்தி அது.