பந்திக்குக் கூப்பிட்ட வால்வு செட்

வீட்டுப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரில் முதன்முதலாகக் கிடார் வாசித்த ஞாயிற்றுக்கிழமை பெரியநாயக்கன்பாளையத்து வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: குடும்பத் தலைவர் அப்புசாமி, அவர் மனைவி காளியாத்தாள், மகன் கிருபாசங்கர், மருமகள் பிரவீனா, மகனோடு டிரம்ஸ் வாசிக்கும் பக்கத்து லேத் பட்டறை அக்பர் அலி. பாட்டு முடிந்தபோது வாசலில் தொண்ணூறு பேருக்கு மேல் கை கழுவிவிட்டு, கிழக்குப் பார்த்து வரிசையாகச் சம்மணமிட்டு இலைக்குக் காத்திருந்தார்கள். மேட்டுப்பாளையம் பேருந்து ஒன்று சாலையோரம் ஆளில்லாமல் நின்றது. அதன் ஓட்டுநர் இரண்டாவது வரிசையில் இருந்தார். ஏன் வந்தீர்கள் என்று அவரைக் கேட்டதற்கு, "கூப்புட்டீங்கல்லங்க" என்றார். காளியாத்தாள் வேறொன்றும் கேட்காமல் பெரிய அண்டாவை இறக்கினாள்.

அந்த ஆம்ப்ளிஃபயர் அப்புசாமியின் மறைந்த தகப்பனார் வாங்கியது. இந்த வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் அவரே மைக்கைப் பிடித்து, உறவு ஒவ்வொன்றையும் ஊரும் பேரும் சொல்லிப் பந்திக்கு அழைப்பார். அழைக்கப்பட்ட எவரும் இந்த வீட்டிலிருந்து வெறும் வயிற்றோடு திரும்பியதில்லை. அதைக் கிடாருக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று கிருபாசங்கர் கேட்டான். உள்ளே தேங்கியிருந்த மின்சாரத்தை முதலில் வடித்தான், வீங்கிய கெப்பாசிட்டர்களைக் கழற்றிப் புதிது போட்டான், மைக் செருகும் துளையில் கிடார் வயருக்கான ஜாக்கை வைத்தான், கூரைமேல் கட்டும் புனல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரைப் பெட்டியில் பொருத்தினான். மைக்கின் சத்தம் முதலில் நுழையும் சின்னக் கண்ணாடிக் குழல் வால்வை மட்டும் தொட அப்புசாமி விடவில்லை. "எங்கப்பன் பேச்சு போன வழி அது. அதைப் புடுங்கிப் போட்டு சீமை வால்வு சொருகறதுக்கு இந்த ஊட்டுல எவனுக்கும் அதிகாரமில்ல" என்றார். அழைப்பைத் தவிர வேறெதையும் கேட்டறியாத அந்த வால்வு, கிடாரையும் அழைப்பாகவே வெளியே விட்டது.

ஒலித் திருகு மூன்றில் இருந்தால் தெரு வந்தது. ஐந்தில் காரமடை வரைக்கும் வந்தது. ஊட்டிக்குத் தேனிலவு போன ஒரு ஜோடி காரமடை வரை போய்த் திரும்பி வந்து, கொள்ளுப் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் போனது. வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது இந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை என்பதால் ஞாயிறுதோறும் வாழையிலைக் கட்டு வந்து இறங்கியது. பிரவீனா கணவனிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டாள்: "ஏனுங்க, சோலோ வாசிக்கறதுன்னா காலையிலயே சொல்லிப் போடுங்க, ஒலை வெக்கோணும்." நீளமான சோலோ என்றால் இரண்டாவது பந்தி தேவைப்பட்டது.

கிருபாசங்கருக்கு மட்டும் திருப்தியில்லை. வால்வு செட் பத்தில் வைத்தால்தான் உறுமும். ஐந்தில் அது பஜனைக்கு வாசிப்பதுபோல் சுத்தமாக இருந்தது. ஐந்துக்கு மேல் திருகக்கூடாது என்று அப்புசாமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காரணத்தை அவர் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும். பத்தில் வைத்தால் சத்தம் அன்னூரை எட்டும். அன்னூரில் அரங்கசாமி இருந்தார்.

அரங்கசாமி அப்புசாமிக்குப் பங்காளி, பெரியப்பா மகன். அப்புசாமியின் கல்யாணத்தில் தகப்பனார் உறவுகளை வரிசையாக அழைத்துக்கொண்டு வந்து, அரங்கசாமி பேருக்கு வரும்போது கரண்டு போய்விட்டது. பேரைச் சொன்னதாக இந்த வீடு சொன்னது; தன் காதில் விழவில்லை என்று அவர் எழுந்து போனார். இந்த மண்ணில் இனிக் கால் வைப்பதில்லை என்று அவரும், தன் வாயால் இனி அவரைக் கூப்பிடுவதில்லை என்று அப்புசாமியும் சபையில் சொல்லி முப்பத்தாறு வருடம் ஆகியிருந்தது. இதற்கிடையில் இரண்டு வீட்டிலும் எத்தனையோ விசேஷங்கள் பாதி உறவோடு நடந்து முடிந்தன.

ஆடி மாதத்தில் அக்பர் அலி சலித்துக்கொண்டான். "ஏன்டா கிருபா, நாம பேண்டு நடத்தறமா, கேட்டரிங் நடத்தறமா? அஞ்சுக்கு மேல வெக்க உங்கப்பாருக்கு அன்னூரு பயம்."

"ஆருக்குடா பயம்?" என்று கேட்டுக்கொண்டே அப்புசாமி எழுந்து வந்து திருகைப் பத்தில் வைத்தார்.

கிருபாசங்கர் ஒரே ஒரு முறை கம்பிகளை இழுத்தான். ஓடுகள் அதிர்ந்தன. உறுமலுக்கு நடுவே அப்புசாமியின் தகப்பனார் குரல், "அன்னூர் அரங்கசாமி, பந்திக்கு வாங்க" என்றது. கரண்டு போன நொடியில் வால்வுக்குள் நின்றுவிட்ட பேர் அது. ஆக, அவர் அழைத்திருந்தார். அழைப்பு வெளியே வரவில்லை. இரண்டு வீடும் சொன்னது சரி.

உச்சிப்பொழுதில் அரங்கசாமி வந்தார். வரக்கூடாது என்று கயிற்றுக் கட்டிலை இறுகப் பிடித்து உட்கார்ந்திருந்தார். கட்டில் நாலு காலையும் எடுத்து வைத்து, சாலையின் இடப்பக்கமாகவே நடந்து, ரயில்வே கேட்டில் நின்று வந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். வாசலில் வந்து நின்றதும் அவர் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார்.

"நான் வரல அம்மணி, கட்டல்தான் வந்துச்சு" என்றார் காளியாத்தாளிடம். "பாத்துக்க, என்ற காலு தரையில படல."

"அதுக்கென்னுங் மாமா, கட்டலுக்கும் சேத்து எலை போட்டர்றேன்" என்றாள் அவள்.

"உன்ற ஊட்டுக்காரன் கூப்புடலையே?"

"அவங்க கூப்புடலீங்க. மாமனார் கூப்புட்டாரு."

அரங்கசாமி தூக்கிய காலை மடித்துச் சம்மணமிட்டார். கட்டில்மேல் இலை விரிக்கப்பட்டது. அப்புசாமி வெகுநேரம் தூணுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். பிறகு பிரவீனாவின் கையிலிருந்த ரச வாளியைத் தானே வாங்கிக்கொண்டு போய், குனிந்து, தணிந்த குரலில் ஏதோ கேட்டார். அரங்கசாமி தலையை ஆட்டினார்.

அதன் பிறகு கட்டில் ஞாயிறுதோறும் வருகிறது. அது நிற்பதற்கு வேப்பமர நிழலில் இடம் விட்டிருக்கிறார்கள். திருகு பத்திலேயே இருக்கிறது. கிருபாசங்கரின் பேண்டைக் கல்யாணங்களுக்குக் கூப்பிடுகிறவர்கள் சமையல்காரரைப் பேசி முடித்த பிறகே தேதி கேட்கிறார்கள்.

அன்று அப்புசாமி மன்னிப்புக் கேட்டார் என்று அன்னூர்ப் பக்கம் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. அவர் கேட்டது, "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களாண்ணா?" என்பது மட்டுமே.