பின்னாலேயே வந்த புகை

அனல்மின் நிலையத்தின் புகை ஒரு செவ்வாய்க்கிழமை மேலே போகாமல், தலைமைப் பொறியாளரின் பின்னாலேயே நடந்து அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கதவைச் சாத்தினார்; அது சாவித்துவாரம் வழியாக நுழைந்து சோபாவில் உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச நாளில் கரியெல்லாம் உதிர்ந்துபோய், கானல் மாதிரி நெளியும் சூடு மட்டும் அதே உருவில் தங்கியது. அவர் மனைவி ஜன்னல்களைத் திறந்துவைத்தாள், விசிறியால் அடித்தாள், வாய்க்கு வந்தபடி திட்டியும் பார்த்தாள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தம்பியின் மாதுளைத் தோட்டமும் தேனீப் பெட்டிகளும் இருந்தன. சூடு சுவரேறிக் குதித்தது. அந்த மரங்கள் பகலின் நீளத்தைப் பார்த்துப் பூப்பவை; தேனீக்களோ சூட்டை நம்பி எழுபவை. பனிக்காலம் பாதியில் இருக்கும்போதே அவை வெளியே வந்து, மொட்டுகூட இல்லாத கிளைகளைச் சுற்றிச் சுற்றிப் பட்டினியில் செத்தன. புழுக்களும் முந்தி வந்து, பூச்சியாகிப் பறந்துவிட்டதால், குருவிக் குஞ்சுகள் கண் திறந்தபோது ஊட்ட ஒன்றுமில்லை. தம்பி செத்த தேனீக்களை வாளியில் அள்ளிவந்து, சாப்பிட உட்கார்ந்திருந்த பொறியாளரின் தட்டிலேயே கொட்டினான்.

"சாப்பிடுங்க மாமா. இந்த வருஷ வெள்ளாமை."

"ஊரே லைட்டு போட்டுக்குது. பழி மட்டும் எனக்கா?"

"புகை உங்க பின்னாலதானே வந்துச்சு?"

"ஒரு கொதிகலனையாவது அணைங்களேன்" என்றாள் மனைவி. அவர் தட்டை மட்டும் மாற்றச் சொன்னார்.

அதன்பின் வருடக்கணக்கில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தம்பி சுவரை உயர்த்த உயர்த்தப் புகையும் வளர்ந்தது. மரங்களில் பூக்கள் காயாகாமலே உதிர்ந்தன. கடைசியில் கட்டிலிலும் புகை பாதி இடத்தைப் பிடித்துக்கொண்ட அன்று, மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவன் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தான். முகம் சுண்டிப்போயிற்று.

"அதையும் கூட்டிட்டு வந்துட்டியா?"

"அவரோடது அங்கதான் படுத்திருக்கு. இது என்னோடதுடா."

அவன் கதவைச் சாத்தப்போனான். அவள் கையால் தடுத்து, உள்ளே கைகாட்டினாள். குளிர்பதனப் பெட்டியின் ஓரத்தில், முழங்கால் உயரத்துக்குக் குட்டிப் புகை ஒன்று நின்றிருந்தது.

"அது யாரோடதாம்?"

தம்பி அதைப் பார்த்தான். பிறகு ஒதுங்கி நின்று, இருவர் நுழையும் அளவுக்கு வழி விட்டான்.

மாமனும் மச்சானும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. அந்தத் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு, புகை எவ்வளவு உயரம் என்றும் கேட்கிறார்கள்.